களமும் கல்லூரி வாயிலும்: 1966ஆம் ஆண்டின் கூடைப்பந்தாட்ட வெற்றியும் ஊவாத் தோட்டங்களும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளை வந்து சேர அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924ஆம் ஆண்டிலேயே பதுளை நிலையம் திறக்கப்பட்டது. தெமோதரையில் அப்பாதை தன்னைத்தானே சுற்றிவந்து தனக்கு அடியிலேயே புகுந்து செல்வதைக் கண்டோர், ஊவாவிலே சமதரை எத்துணை அரிய பொருள் என்பதை விளக்கமின்றியே உணர்வர். இம்மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் தட்டையான நிலமென்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே: தொழிற்சாலை முற்றம், விடியற்காலையிற் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம், காமன் கூத்து ஆடப்படும் கோயில் முன்றில். துடுப்பாட்டத்துக்கோ உதைபந்தாட்டத்துக்கோ இவ்விடங்கள் போதா. ஆயின் கூடைப்பந்தாட்டத்துக்கு வேண்டுவது 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமுங் கொண்ட ஒரு களம் மாத்திரமே. அஃது ஓர் ஏக்கரின் பத்திலொரு பங்கு. மலைச்சரிவுக்கு இதனிலும் இசைவான குழு விளையாட்டைக் காண்பது அரிது. எனவே, இவ்வாட்டம் லயத்துப் பிள்ளைகளுக்கு எட்டாப் பொருளாய் நெடுங்காலம் இருந்தமைக்கு நிலத்தின்மீது பழிசுமத்துதல் பொருந்தாது. காரணத்தைப் பாடசாலையின் வரலாற்றிலும், அப்பாடசாலைக்கு அப்பால் நின்ற சட்டங்களின் வரலாற்றிலுமே தேடுதல் வேண்டும்.

இத்தேடலுக்கு ஓர் ஒப்பீடு துணைபுரியும். ஐக்கிய அமெரிக்காவிலே, மலைசார்ந்த ஓர் எல்லை நகரத்துச் சிறு கல்லூரி 1965–66 பருவத்திற் பெற்ற கூடைப்பந்தாட்ட வெற்றி அந்நாட்டின் விளையாட்டு வரலாற்றில் மாத்திரமன்றிச் சமூக வரலாற்றிலும் ஒரு திருப்புமுனையாக எண்ணப்படுகின்றது. அவ்வெற்றியை ஈட்டியோரின் இனமும் ஊவாத் தோட்டத் தமிழரும் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் பிடியிலிருந்து வந்தவர்கள். ஒரு சாராரின் முன்னோர் அடிமைகளாய்ப் பருத்திக்கும், மறு சாராரின் முன்னோர் கங்காணிமாரின் கடனிற் கட்டுண்டு கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்தனர். இரு நிலைமைகளும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். எனினும், ஒரே இருபதாண்டுக் காலத்தில் இரு நாடுகளின் சட்டமும் எத்திசையில் நகர்ந்தன என்பதை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து.

கூடைப்பந்தாட்டம் வயலிலோ தெருவிலோ தானாய்த் தோன்றியதன்று. 1891 திசெம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், மாரிக்கால உடற்பயிற்சிக்கென வகுத்த ஆட்டம் இது. பீச்சுப்பழம் இடும் கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி அவர் தொடக்கிவைத்தார். இளைஞர் சங்கத்தின் வழியாகவே அது கடல் கடந்தது. 1920இல் ஹறி குறோ பக் சென்னையில் நிறுவிய அச்சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரியைப் போன்ற நிலையங்கள் தென்னாசியாவில் இத்தகைய ஆட்டங்களைப் பரப்பின. பிறப்பிலேயே கல்லூரியைச் சார்ந்த விளையாட்டாகையால், கல்லூரி வாயில் எவருக்குத் திறந்திருந்ததோ அவருக்கே களமும் கிட்டிற்று. (தோட்டத்திற் ‘கூடை’ என்ற சொல்லுக்குக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் முதுகன்றி வேறு இடமிருக்கவில்லை என்பதை இடையிற் குறித்துச் செல்லலாம்.)

அமெரிக்க வெற்றியின் களம் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிக்கோ எல்லையில் உள்ள எல் பாசோ. அங்குள்ள கல்லூரி 1914இற் சுரங்கத் தொழிற் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. அதன் கட்டடங்கள் பூட்டான் நாட்டுக் கோட்டை மடாலயங்களின் பாணியில், சரிந்த சுவர்களும் அகன்ற இறவாரமுங் கொண்டு அமைந்தவை. சஞ்சிகையொன்றில் வெளிவந்த இமாலயப் படங்களைக் கண்டு எழுந்த விருப்பத்தின் விளைவு அது. பிற்காலத்தில் டெக்சாஸ் வெஸ்ரேன் கல்லூரி எனப் பெயர்பெற்று, 1967 முதல் எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் என வழங்கி வருகின்றது.

அந்நகரின் பெயர் விளையாட்டு ஏடுகளுக்கு முன்னதாக நீதிமன்ற ஏடுகளிற் பதிந்தது. டெக்சாஸ் சட்டசபை 1923இல், சனநாயகக் கட்சியின் வேட்பாளர் தெரிவிற் கறுப்பர் வாக்களிக்கலாகாது எனச் சட்டம் இயற்றிற்று. அம்மாநிலத்தில் அத்தெரிவே உண்மையான தேர்தலாதலால், இத்தடை வாக்குரிமை மறுப்புக்கு ஒப்பாகும். எல் பாசோவின் கறுப்பின மருத்துவர் லோறன்ஸ் நிக்சன் வழக்குத் தொடுத்தார். 1927இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. மாநிலம் வேறு வழிகளால் தடையை நீடிக்கவே, அவர் மறுபடியும் வழக்காடி 1932இலும் வென்றார். 1944இல் வேறொரு வழக்கின் தீர்ப்பு அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைத்த பின்னரே அவரால் வாக்களிக்க முடிந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு வழக்கு அது.

கல்லூரி வாயிலும் அவ்வாறே திறந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த டக்ளஸ் உயர்நிலைப் பாடசாலையில் முதன்மை மாணவியாய்த் தேறிய தெல்மா வைற் என்பாருக்கு 1954இல் டெக்சாஸ் வெஸ்ரேன் அனுமதி மறுத்தது. பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற புகழ்பெற்ற பிறவுண் வழக்கின் தீர்ப்பும் அவ்வாண்டு மே மாதத்தில் வெளியானதே. வைற் வழக்குத் தொடுத்தார். 1955இற் கூட்டாட்சி நீதிபதி தோமசன் அவர் பக்கந் தீர்ப்பளித்தார். அவ்வாண்டே பன்னிரு கறுப்பின மாணவர் கல்லூரியிற் சேர்ந்தனர். வழக்காடிய வைற் அதற்குள் அயல் மாநிலக் கல்லூரியொன்றிற் சேர்ந்து, அங்கேயே படிப்பைத் தொடர்ந்தார். தாம் திறந்த வாயிலினுள் அவர் புகவில்லை. மறு ஆண்டு, 1956இல், சார்ளி பிறவுண் என்பவர் அக்கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணியின் முதற் கறுப்பின வீரரானார். 1966இன் வெற்றியை எழுதுவோர் பெரும்பாலும் பயிற்றுநரிலிருந்து தொடங்குவர். தொடங்கவேண்டிய இடம் அம்மாணவியின் விண்ணப்பமே.

பயிற்றுநர் டொன் ஹாஸ்கின்ஸ் 1961இல் அங்கு வந்தார். ஒக்லகோமாவில் ஹென்றி ஐபாவின் கீழ் ஆடியவர். சிற்றூர் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆண், பெண் அணிகள் இரண்டையும் பயிற்றியவர். தற்காப்பையே ஆட்டத்தின் உயிராகக் கொண்ட கடுமையான ஆசான். அவர் திரட்டிய வீரருள் வில்லி வோர்ஸ்லி, வில்லி கேஜர், நெவில் ஷெட் ஆகியோர் நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியினர்; ஓர்ஸ்ரன் ஆர்ற்றிஸ், ஹறி ஃபுளோர்னோய் ஆகியோர் உருக்கு ஆலை நகரான கேறியைச் சேர்ந்தவர்; பொபி ஜோ ஹில் டெற்றொயிற் பகுதியினர்; டேவிட் லட்டின் டெக்சாசின் ஹூஸ்ரன் நகரத்தவர். பிறொங்ஸ், கேறி, டெற்றொயிற் ஆகியன தென்மாநிலங்களை விட்டுப் புறப்பட்ட கறுப்பின மக்கள் வேலைதேடிக் குடியேறிய இடங்கள் என்பது மனங்கொளத்தக்கது. தெற்கத்திப் பெருங் கல்லூரிகள் பல அவர்களை ஏறெடுத்தும் பாரா. பெயரில்லாக் கல்லூரியொன்றுக்கு அது நல்வாய்ப்பாயிற்று.

1965–66 பருவத்தில் இவ்வணி தொடர்ந்து 23 ஆட்டங்களை வென்றது. பருவத்தின் இறுதி ஆட்டத்திற் சியாற்றில் அணியிடம் 72க்கு 74 எனத் தோற்றது. அஃதே அவ்வாண்டில் அது கண்ட ஒரே தோல்வி. அதனைத் தொடர்ந்த தேசியச் சுற்றுப்போட்டியில் ஒக்லகோமா சிற்றி அணியை 89க்கு 74 என எளிதில் வென்றாலும், சின்சினாற்றியுடன் மேலதிக நேரத்தில் 78க்கு 76 என்றும், கன்சாசுடன் இருமுறை மேலதிக நேரம் ஆடி 81க்கு 80 என்றும் மயிரிழையிலேயே தப்பியது. கன்சாஸ் ஆட்டத்தின் முதலாம் மேலதிக நேர முடிவில் எதிரணியின் ஜோ ஜோ வைற் எறிந்த பந்து கூடையில் வீழ்ந்தது. அவரது பாதம் எல்லைக்கோட்டிற் பட்டதென நடுவர் கூறியமையால் அப்புள்ளிகள் கணக்கிற் சேரவில்லை. வரலாற்றுப் பெருநிகழ்ச்சி எனப் போற்றப்படுவது ஒரு காலடியின் அகலத்திலே தங்கியிருந்ததைக் காணும்போது, ‘நிகழ்ந்தே தீரவேண்டியது’ என்ற சொல்லை வரலாற்று மாணவன் சற்று எச்சரிக்கையுடன் கையாள்வான். அரையிறுதியில் யூற்றா அணி 78க்கு 85 என வீழ்ந்தது.

இறுதியாட்டம் 1966 மார்ச்சு 19ஆம் நாள் மேரிலாண்ட் மாநிலத்துக் கொலிஜ் பார்க்கில் நடைபெற்றது. எதிரணி கென்ரக்கி, நாட்டின் முதலாந் தர அணி, அதன் பயிற்றுநர் அடொல்ஃப் றப் ஏற்கெனவே நான்குமுறை தேசிய விருது கொண்டவர். அவ்வணியில் ஒரு கறுப்பரும் இல்லை. ஹாஸ்கின்ஸ் முதல் ஐவராகக் களமிறக்கிய அனைவரும் கறுப்பின வீரர். தேசிய இறுதியாட்டமொன்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற்றடவை. கறுப்பின வீரர் அதற்கு முன்னும் இறுதியாட்டங்களை வென்றதுண்டு. பில் றஸல் 1955இலும் 1956இலும் சன் பிறான்சிஸ்கோவை வெற்றிக்கு இட்டுச்சென்றார். 1963இற் சிக்காகோவின் லொயோலா அணி நான்கு கறுப்பருடன் ஆடத்தொடங்கி விருது பெற்றது. அதே ஆண்டிலே, லொயோலாவுடன் ஆடுவதற்காக மிசிசிப்பி மாநில அணி தன் மாநிலத்து நீதிமன்றத் தடைக்கு அகப்படாமல் மறைவாக வெளியேற வேண்டியிருந்தது. எனவே 1966ஐ வானிலிருந்து வீழ்ந்த அற்புதமாகக் கொள்ளுதல் தவறு.

ஆட்டத்தின் முற்பகுதியில் ஹில் எதிரணியினரிடமிருந்து அடுத்தடுத்து இருமுறை பந்தைப் பறித்துச் சென்று கூடையில் இட்டார். இடைவேளையின்போது புள்ளிகள் 34க்கு 31. முடிவு 72க்கு 65. புள்ளிவிவரம் சுவையான செய்தியொன்றைத் தருகின்றது: களத்தில் ஆடிப்பெற்ற கூடைகளில் கென்ரக்கியே முந்தியது, அதற்கு 27, டெக்சாஸ் வெஸ்ரேனுக்கு 22. வெற்றியைத் தீர்மானித்தது எதிரணியின் தவறுகளுக்கு ஈடாக வழங்கப்பட்ட தனி எறிகைகளே; 34இல் 28ஐ டெக்சாஸ் வெஸ்ரேன் கூடையில் இட்டது, கென்ரக்கிக்கோ 13இல் 11 கிட்டின. கறுப்பின வீரர் வேகமும் பாய்ச்சலும் உடையர், நிதானமும் கட்டுப்பாடும் அற்றவர் என்பது அக்காலத்து வெள்ளையர் பலரின் வாய்பாடு. நிதானத்தாலேயே வெல்லப்பட்ட ஆட்டம் அவ்வாய்பாட்டுக்கு அளித்த மறுமொழி எவ்வுரையினும் வலிது. ஹில் 20 புள்ளிகள் பெற்றார். அன்று ஹாஸ்கின்ஸ் ஆடவிட்ட எழுவரும் கறுப்பரே. சிறந்தவரை ஆடவிட்டதன்றி வேறெதையும் தாம் கருதவில்லை என அவர் பின்னர் கூறிவந்தார். வசைக் கடிதங்கள் குவிந்தன என்றும் அவரே கூறியுள்ளார்.

விளைவுகள் மெல்லவே வந்தன. தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பிற் பெறி வொலஸ் முதற் கறுப்பின வீரராக வண்டர்பில்ற் அணிக்கு ஆடத்தொடங்கியது 1967இல். கென்ரக்கியின் முதற் கறுப்பின வீரர் 1970இலேயே ஆடினார். வென்ற கல்லூரியிலும் யாவும் செம்மையாயிருக்கவில்லை. 1968இல் ஜக் ஓல்சன் விளையாட்டு வார இதழொன்றில் எழுதிய தொடர், அக்கல்லூரி கறுப்பின வீரரின் உடலைப் பயன்கொண்டு கல்வியைப் புறக்கணித்ததெனக் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டிற் பிறிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் போட்டியிட மறுத்த கறுப்பின மெய்வல்லுநர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பொப் பீமன் சில மாதங்களின் பின் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 8.90 மீற்றர் பாய்ந்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். கல்லூரி வாயில் திறப்பதும், உள்ளே சென்றவன் மாணவனாக மதிக்கப்படுவதும் வெவ்வேறானவை.

இனி ஊவாவை நோக்குதல் வேண்டும். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை இம்மலைகளை மூடிற்று; கச்சான் காற்று வீசும் மாதங்களிற் பறிக்கப்படும் ஊவாத் தேயிலையின் மணம் இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. அதனைப் பறித்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாற் துரைமாரின் கடமையாக்கப்பட்டது. கல்வி என்றது ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான எழுத்தறிவையே. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே தோட்டப் பாடசாலையின் பொது வடிவம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலை தோட்டத்தோடேயே விடப்பட்டது. பத்து வயதில் முடியும் பாடசாலைக்குக் கல்லூரி அணி என்பது பொருளற்ற சொல்.

ஆயினும் ஊவா மக்கள் வாளாவிருந்தவரல்லர். 1940இற் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, தமக்கெனத் தெரிந்தெடுத்த சபையுடன் கலந்தே நிருவாகம் நடக்கவேண்டும் என்ற நிலையை உருவாக்கினர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். அக்கட்சியின் எழுவரில் அவர் ஒருவர்.

பொபி ஜோ ஹில்லும் டேவிட் லட்டினும் 1943இற் பிறந்தவர்கள். அவ்வாண்டில் ஊவாவின் லயமொன்றிற் பிறந்த ஓர் ஆண்மகவின் ஆயுளை அவர்களின் ஆயுளோடு ஒப்பிடுக. அவனுக்கு நான்கு வயதாகும்போது பெற்றோர் வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தெரிந்தனர். ஐந்து வயதில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்றோ நிறுவினாலன்றி அவன் இந்நாட்டவன் அல்லன். பிறப்புப் பதிவென்பதே அரிதாயிருந்த மக்களிடம் கேட்கப்பட்ட சான்று இது. ஆறு வயதில், 1949இல், தேர்தற் சட்டத் திருத்தம் பெற்றோரின் வாக்கைப் பறித்தது. கேகாலையிலிருந்து எழுந்த கோடகன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கின்றது என்ற வாதம் 1953இல் அங்கு தள்ளப்பட்டது. தன் நாட்டவர் யாவர் என வகுக்கும் உரிமை சட்டசபைக்கு உண்டென நீதியரசர் கண்டனர். எல் பாசோவின் மருத்துவர் 1927இற் பெற்றதை ஊவாவின் தொழிலாளி 1953இற் பெறவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவிற் பிறவுண் தீர்ப்பு வெளிவந்தது.

பத்துப் பதினொரு வயதிற் பாடசாலை முடிந்து, அவன் பெரட்டுக்களத்தில் நின்றான். 1949ஆம் ஆண்டின் பிறிதொரு சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை கோரியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோராயினும், 1964 வரையிற் பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அவனுக்கு இருபத்தொரு வயதாகும் 1964இல் இரு ஆவணங்கள் கைச்சாத்தாயின. யூலை 2ஆம் நாள் அமெரிக்காவிற் குடியியல் உரிமைச் சட்டம் கையொப்பம் பெற்றது. நான்கு மாதங்கள் நிறையுமுன், ஒக்ரோபர் 30ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கென்ரக்கிக்கு எதிராக ஹில் பந்தைப் பறித்த 1966 மார்ச்சில், லயத்திலிருந்த அவ்விளைஞன் தான் எந்நாட்டவன் என அறியாதவனாயிருந்தான். பின்னர் ஆயிரமாயிரங் குடும்பங்கள் தலைமன்னார் வழியே கடல் கடந்தபோது, பாடசாலைப் பதிவேடுகளிலிருந்தும் பெயர்கள் அழிந்தன.

மாற்றம் எழுபதுகளின் பின்னரே தென்பட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவ்வெழுபதுகளின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. 1983 யூலையிற் பதுளை நகரம் எரிந்தது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் என்ற நிலையைத் தீர்த்துவைத்தன. 1943இற் பிறந்தவனுக்கு அப்போது அறுபது வயது. டெக்சாஸ் வெஸ்ரேன் அணியினர் நெய்ஸ்மித்தின் பெயராலமைந்த புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது 2007இல். அதற்குள் பொபி ஜோ ஹில் மறைந்துவிட்டிருந்தார்.

பல்கலைக்கழக அனுமதியில் எழுபதுகளிற் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு வடபுல மாணவருக்கு இழைத்த தீங்கு நன்கு பேசப்பட்டதே. பதுளை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றமையால் தோட்டத்துப் பிள்ளைகளும் அதனாற் பயன்பெற்றனர் எனக் கருதுவோர் உளர். அக்கருத்து அரைகுறையானது. ஒதுக்கீட்டின் அலகு மாவட்டம். நகரத்துப் பெரிய பாடசாலையில் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற மாணவனும், லயத்திலிருந்து மலையேறிச் சென்று படித்தவனும் அம்மாவட்டத்துக்குரிய ஒரே இடங்களுக்கே போட்டியிடுகின்றனர். உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் ஊவாவிற் சிலவேயாதலால், மருத்துவம், பொறியியல் என்னுந் துறைகளுக்கு அவன் விண்ணப்பிக்கும் நிலையையே எய்துவது கடினம். 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே, பசறை வீதியில் நிறுவப்பெற்றது. சூழவுள்ள மலைகள் தேயிலை மலைகள். ஆயின் அதற்கான அனுமதி, ஏனைய பல்கலைக்கழகங்களுக்குப் போன்றே, நாடு முழுவதற்கும் பொதுவான உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளையும் அதே மாவட்டக் கணக்கையும் கொண்டு வழங்கப்படுகின்றது.